பட்டம் பெற்ற முதல் ஆண்டு

சென்ற மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நம் பெருமாட்டியைச் சேர்ந்த தோப்புக்காரர் ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். பையன் மெக்கானிக்கல் என்ஜினீயரிங் படித்து நல்ல மதிப்பெண்களோடு தேறியவன். தந்தையின் முகத்தில் மகிழ்ச்சியும் கவலையும் சேர்ந்தே இருந்தன.

“அண்ணா, பையன் பட்டம் வாங்கியதும் ஊரெல்லாம் லட்டு கொடுத்தோமுங்க. மூன்று மாதம் ஆயிற்று. காலையில் செல்பேசியை எடுத்தால் இரவில்தான் கீழே வைக்கிறான். எங்கெங்கோ மனுப் போடுகிறானாம்; பதில் ஒன்றும் வரவில்லை. இப்போது ஓர் ஆள், மூன்று லட்சம் கொடுத்தால் வளைகுடாவில் உத்தியோகம் வாங்கித் தருகிறேன் என்கிறார். தோப்பில் ஓர் ஏக்கரை விற்றுக் கொடுத்துவிடலாமா என்று உங்களிடம் ஒரு வார்த்தை கேட்க வந்தேனுங்க” என்றார்.

நான் அவருக்குப் பதில் சொல்லாமல் பையனைப் பார்த்துக் கேட்டேன்: “தம்பி, உங்கள் தோப்பு மோட்டார் எத்தனை குதிரைத்திறன்? நீர் எத்தனை மீட்டர் ஏறுகிறது? நொடிக்கு எத்தனை லிட்டர் கொட்டுகிறது?”

பையன் சற்று விழித்தான். “மோட்டார் ஐந்து குதிரைத்திறன் என்று நினைக்கிறேன், பெரியப்பா. மற்றவை தெரியாது” என்றான்.

அவனைக் குறை கூற எனக்கு வாய் வரவில்லை. 1979ஆம் ஆண்டில் நான் பட்டம் பெற்றபோது எனக்கும் அது தெரியாது. அன்று அந்தத் தந்தைக்கும் மகனுக்கும் நான் சொன்னவற்றையே, நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கும் பயன்படும் என்ற எண்ணத்தால் இங்கே எழுதுகிறேன்.

நான் வீணாக்கிய பதினொரு மாதங்கள்

முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். பட்டம் கைக்கு வந்தவுடன், அரசாங்க உத்தியோகம் தவிர வேறெதுவும் என் தகுதிக்குக் குறைவு என்று எண்ணினேன். கோயமுத்தூர்ப் பீளமேட்டில் பம்பு செய்யும் ஒரு சிறு பட்டறையில் பயிற்சிக்கு வரச் சொன்னார்கள். “கரி பூசிக்கொள்ளவா நான் என்ஜினீயரானேன்?” என்று மறுத்துவிட்டேன். பதினொரு மாதம் வீட்டில் இருந்தேன். உத்தியோகம் வாங்கித் தருவதாகச் சொன்ன ஒருவரிடம் என் தந்தை கொடுத்த பணம் திரும்பவே இல்லை. அதற்காக அவர் விற்றது உழவு மாடுகள் ஒரு ஜோடியை. அந்த ஆண்டு அண்டை வயல்காரரின் மாடுகள் ஓய்ந்த பிறகு, அவற்றை இரவல் வாங்கி எங்கள் வயலை உழுதார். அதைப் பார்த்த மறுநாளே பொள்ளாச்சிப் பஸ் ஏறினேன். நல்லவேளையாக, அந்தப் பட்டறையில் இடம் இன்னும் இருந்தது.

பம்புத் தொழிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றேன். புதிதாகப் பட்டம் பெற்ற பலரை நேரில் பேட்டி கண்டு வேலைக்கு எடுத்திருக்கிறேன். அந்த அநுபவத்தால் நான் அறிந்தது ஒன்றே. பட்டதாரியின் வாழ்வில் மிக விலை உயர்ந்தது அவன் பட்டம் பெற்ற முதல் ஆண்டு. அதில் அவன் என்ன சம்பாதித்தான் என்பதை யாரும் கேட்பதில்லை. என்ன கற்றான் என்பதையே கேட்கிறார்கள். “ஒன்றுமில்லை” என்பது ஒன்றுதான் சொல்லக் கூடாத விடை.

இதில் பணக் கணக்கும் உண்டு. வங்கிகளின் கல்விக் கடனில், பொதுவாகப் படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டுவதில்லை. ஆயினும் வட்டி வளர்ந்துகொண்டே இருக்கும். அந்த ஓராண்டை உறங்கிக் கழித்தவன், முதல் தவணை வரும் நாளில் கைவெறுமையாக நிற்பான்.

ஒரு பாலக்காட்டுப் பட்டதாரியின் தொடக்கம்

நம் பாலக்காட்டு மாவட்டத்தில், பட்டாம்பிக்கு அருகிலுள்ள கருகபுத்தூரில் 1932இல் பிறந்தவர் இ. ஸ்ரீதரன். கொங்கண ரயில்பாதையையும் டில்லி மெட்ரோவையும் கட்டி முடித்தவர் என்று அவரை நாடறியும். அவருடைய தொடக்கத்தை அறிந்தோர் குறைவு. காக்கிநாடாவில் சிவில் என்ஜினீயரிங் தேறியதும் அவர் செய்த முதல் வேலை, கோழிக்கோட்டுப் பாலிடெக்னிக்கில் சிறிது காலம் பாடம் சொல்லிக் கொடுத்தது. அடுத்தது பம்பாய்த் துறைமுகத்தில் ஓராண்டு பயிற்சியாளர் பணி. அதன் பிறகு, மத்திய தேர்வாணையம் நடத்திய என்ஜினீயரிங் தேர்வில் தேறி, 1954 டிசம்பரில் தென்னக ரயில்வேயில் பயிற்சி நிலை உதவிப் பொறியாளராகச் சேர்ந்தார்.

1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் பாம்பன் பாலத்தையும் சிதைத்தது. அதைச் செப்பனிட ரயில்வே ஆறு மாதம் என்று குறித்தது. மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார். பொறுப்பை ஏற்ற ஸ்ரீதரன் 46 நாட்களில் முடித்தார். அப்போது அவருக்கு முப்பத்திரண்டு வயது. ஆசிரியர் வேலை கிடைத்தபோது அதைச் செய்தார். பயிற்சி கிடைத்தபோது அதைப் பெற்றார். அவற்றிற்கிடையே தேர்வுக்கும் ஆயத்தமானார். ஒன்றுக்காக மற்றொன்றை நிறுத்தி வைக்கவில்லை. நம் பிள்ளைகள் பின்பற்ற வேண்டிய முறை இதுவே.

பயிற்சிப் பணி என்னும் வாசல்

1961இல் இயற்றப்பட்ட பயிற்சியாளர் சட்டம், 1973இல் செய்யப்பட்ட திருத்தத்தால் என்ஜினீயரிங் பட்டதாரிகளுக்கும் பொருந்தலாயிற்று. இதன்படி பட்டதாரி ஒருவன் ஒரு தொழிற்சாலையிலோ அரசு நிறுவனத்திலோ ஓராண்டு உதவித்தொகையுடன் பயிற்சி பெறலாம். சட்டம் விதித்த குறைந்த அளவு உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. தென் மாநிலங்களுக்கு இதனை நடத்துவது, சென்னைத் தரமணியிலுள்ள தொழிற்பயிற்சி வாரியம். கேரளத்தில் களமசேரியிலுள்ள மேற்பார்வையாளர் வளர்ச்சி மையம், அவ்வாரியத்தோடு சேர்ந்து நேர்முகத் தேர்வுகள் நடத்துவதுண்டு. தேசியப் பயிற்சித் திட்டத்தின் இணையதளத்தில் பெயரைப் பதிவு செய்யக் கட்டணம் ஏதுமில்லை.

இரண்டு செய்திகளை மறக்கலாகாது. ஒன்று, பயிற்சி முடிந்ததும் அந்நிறுவனம் வேலை தந்தே தீர வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. கிடைப்பது ஓராண்டு அநுபவமும் அதற்கான சான்றிதழுமே. மற்றொன்று, இவ்வாய்ப்பு பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளுக்குள்ளேதான். “பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று தள்ளிப் போட்டவர்க்கு வாசல் அடைபட்டுவிடும்.

இரு மாநிலமும் நமக்கு அடுத்த வீடு

எல்லையில் பிறந்தோம் என்பதை நம்மில் பலர் ஒரு குறையாகவே பேசுகிறோம். தமிழ்நாட்டார் நம்மைக் கேரளத்தார் என்பர். கேரளத்தார் தமிழர் என்பர். ஆனால் வேலை தேடுவோனுக்கு இது பெரிய வசதி. வடக்கே கஞ்சிக்கோடு. கிழக்கே மீனாட்சிபுரத்தைக் கடந்து பொள்ளாச்சி, கோயமுத்தூர். காலையில் புறப்பட்டால் எந்தப் பக்கத்துத் தொழிற்சாலையிலும் பேட்டி முடித்து, இரவுச் சாப்பாட்டிற்கு வீடு திரும்பலாம்.

கஞ்சிக்கோட்டில் ஐ.டி.ஐ. நிறுவனம் தொலைத்தொடர்புக் கருவிகளுக்காக 1976 முதல் நடைபெறுகிறது. பெமல் தொழிற்சாலை 2010இல் வந்தது. வாளையாற்றில் மலபார் சிமெண்ட்ஸ் இருக்கிறது. கஞ்சிக்கோட்டிலேயே 2015இல் தோன்றிய இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் நிலைகொண்டுள்ளது. அத்தகைய கழகங்களில் ஆராய்ச்சித் திட்ட உதவியாளர் வேலைக்கு அவ்வப்போது விளம்பரம் வரும். அதை வாரந்தோறும் பார்க்க வேண்டும்.

கஞ்சிக்கோட்டிலுள்ள திரவக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி நிலையத்தைத் தனியே குறிப்பிடுகிறேன். குழாயில் ஓடும் நீரையும் எண்ணெயையும் வாயுவையும் அளக்கும் கருவிகளைச் சோதிக்கும் இடம் அது. அளப்பது என்பது நமக்கு எத்தகைய தொழில் என்று எண்ணிப் பாருங்கள். பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் சித்தூர்ப் பகுதிக்கு வர வேண்டும். மூலத்தறை வழியே நம் வயலுக்கு வருவது அந்த நீர்தான். வந்ததா, குறைந்ததா என்று இரு மாநிலங்களும் வாதாடும்போது, முடிவு சொல்வது நீரை அளந்த கணக்கே.

கோயமுத்தூரின் பம்பு, மோட்டார், வார்ப்படத் தொழில்களைப் பற்றி நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பஸ்ஸை ஓட்டித் தொழில் தொடங்கிய ஜி. டி. நாயுடு, கல்லூரிப் படிப்பில்லாமலே 1937இல் இந்தியாவில் மின் மோட்டார் செய்வதில் முன்னோடியாக நின்றார். அந்நகரத்துச் சிறு பட்டறைகளில் பல, இணையதளத்தில் விளம்பரம் செய்வதே இல்லை. நேரில் சென்று வாசற்காவலரிடம் பெயர் எழுதி வைத்தே கேட்க வேண்டும். இருபது இடத்தில் கேட்டால் இரண்டில் உட்காரச் சொல்வார்கள்.

இடுக்கி மலைகளில் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கும் ஒரு சொல். பள்ளிவாசல் மின் நிலையம் 1940இலும், இடுக்கி நீர்மின் திட்டம் 1976இலும் இயங்கத் தொடங்கின. அந்த மலைகளிலேயே மூணாற்றிலும் பைனாவிலும் என்ஜினீயரிங் கல்லூரிகள் இருக்கின்றன. நீர் விழுவதையும் மின்சாரம் பிறப்பதையும் கண்ணெதிரே கண்டு வளர்ந்த பிள்ளை, மின் வாரியத் தேர்வை வேற்றூர்ப் பிள்ளைகளைவிட அச்சமின்றி எழுதலாம்.

ஆனால் இரு பக்கத்தையும் பயன்படுத்த இரு மொழியும் வேண்டும். தமிழ்ப் பள்ளியில் படித்த நம் பிள்ளைகள் மலையாளம் சரளமாகப் பேசுவார்கள். எழுதச் சொன்னால் தயங்குவார்கள். கேரள அரசு அலுவலகத்தில் கோப்பு எழுத அது வேண்டும். நாளொன்றுக்கு ஒரு பக்கம் மலையாள நாளிதழைப் படித்துப் பார்த்தெழுதினால் ஆறு மாதத்தில் கை பழகிவிடும். தமிழை விட்டுவிட்டுக் கற்கச் சொல்லவில்லை. தமிழோடு கற்கச் சொல்கிறேன்.

தேர்வுகள்

பயிற்சியோ சிறு வேலையோ கிடைத்ததும் தேர்வுகளை மறந்துவிடலாகாது. கேரள அரசுத் தேர்வாணையத்தில் ஒரு முறை பதிவு செய்துகொண்டால், மின் வாரியம், நீர் ஆணையம், பொதுப்பணித் துறை ஆகியவற்றின் உதவிப் பொறியாளர் பதவிகளுக்கு அறிவிப்பு வரும்போதெல்லாம் விண்ணப்பிக்கலாம். பொதுவான தேர்வுகளில் நம்மைப் போன்ற மொழிச் சிறுபான்மையினருக்காகத் தமிழில் வினாத்தாள் அளிக்கும் வழக்கமும் அங்கு உண்டு. விண்ணப்பத்தில் மொழியைக் குறிக்கும் இடத்தைக் கவனித்து நிரப்ப வேண்டும்.

‘கேட்’ தேர்வில் பெற்ற மதிப்பெண் மூன்றாண்டு செல்லும். மேற்படிப்புக்கு மட்டுமன்றி, மத்திய அரசு நிறுவனங்கள் பலவற்றில் வேலைக்கும் அதைக் கேட்கிறார்கள். மத்திய தேர்வாணையத்தின் என்ஜினீயரிங் பணித் தேர்வு சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிகல், எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர்களுக்கு உரியது. தமிழ்நாட்டுத் தேர்வாணையத் தேர்வையும் எழுதலாம். ஆயின் பிற மாநிலத்தவருக்கு அங்கு இடஒதுக்கீடு கிடையாது, பொதுப் பிரிவில்தான் கருதப்படுவர் என்பதைத் தெரிந்துகொண்டு எழுத வேண்டும்.

காலை இரண்டு மணி நேரம் தேர்வுக்கு. பகல் முழுவதும் வேலைக்கு. தேர்வையே தொழிலாக வைத்துக்கொண்டு நான்கைந்து ஆண்டுகளை வீட்டில் கழித்த பின், அநுபவமும் இன்றி வயதும் கடந்து என்னிடம் பேட்டிக்கு வந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

மனுவும் பேட்டியும்

பயோடேட்டா இரண்டு பக்கத்திற்கு மேற்படலாகாது. ‘கடின உழைப்பாளி’, ‘குழுவோடு இணைந்து செயலாற்றுபவன்’ என்னும் சொற்களை எல்லாரும் எழுதுகிறார்கள். படிப்பவரின் கண் அவற்றில் நிற்பதில்லை. கையால் செய்ததை எழுதுங்கள். எதை அளந்தீர்கள், எதை வரைந்தீர்கள், எது பழுதானது, அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று எழுதினால் பேட்டியில் அதைப் பற்றியே கேட்பார்கள். தெரிந்ததைப் பற்றிக் கேள்வி வருவதைவிட நல்ல பேட்டி வேறு ஏது?

இறுதியாண்டு ஆய்வுத் திட்டத்தைக் கடையில் விலைக்கு வாங்கிக் கட்டுச் செய்தவர்கள் மூன்றாவது கேள்வியில் அகப்பட்டுவிடுவார்கள். நான் அகப்படுத்தியிருக்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று சொன்னவரை நான் குறைத்து மதிப்பிட்டதில்லை. தெரிந்ததுபோல் நடித்தவரை எடுத்ததுமில்லை.

ஆங்கிலத்தைப் பற்றி அஞ்ச வேண்டாம். தப்பில்லாத சிறு வாக்கியங்கள் போதும். தினம் பத்து நிமிடம் ஓர் இயந்திரத்தைப் பற்றி வாய்விட்டுச் சொல்லிப் பழகுக. கேட்பதற்கு வீட்டில் யாரும் இல்லையென்றால் தென்னை மரத்திடமாவது சொல்லலாம்.

பணம் கேட்கும் வேலை

இப்போது அந்த மூன்று லட்சத்திற்கு வருவோம். வேலை கொடுப்பவன் சம்பளம் தருவானே தவிரப் பணம் கேட்கமாட்டான். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்போர், 1983ஆம் ஆண்டுக் குடியகல்வுச் சட்டப்படி மத்திய அரசின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். அவர்கள் வேலை தேடுவோரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியுமே. உரிமம் உண்டா என்பதை அரசின் ‘இ-மைக்ரேட்’ இணையதளத்தில் எவரும் பார்க்கலாம். சான்றிதழ்களுக்கு வெளிநாட்டுக்கான அத்தாட்சி பெற நோர்கா ரூட்ஸ் இருக்கிறது. சுற்றுலா விசாவில் போய் அங்கே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னால், அவரோடு பேச்சை அத்துடன் முடித்துக்கொள்வது நல்லது. அசல் சான்றிதழ்களை எவர் கையிலும் விட்டுவிட்டு வரக் கூடாது.

இது வெறும் எச்சரிக்கையன்று. தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைத்துச் செல்லப்பட்ட நம் நாட்டு இளைஞர்கள், எல்லை கடத்தி மியான்மரின் மியாவடியில் அடைத்து வைக்கப்பட்டு, இணைய மோசடி செய்யுமாறு வற்புறுத்தப்பட்டார்கள். 2022 செப்டம்பரில் மத்திய அரசே இதைக் குறித்து எச்சரித்தது. மீட்கப்பட்டு அடுத்த மாதம் ஊர் திரும்பியவர்களுள் தமிழ் இளைஞர்களும் இருந்தனர். தகவல் தொழில்நுட்பம் படித்த பிள்ளைகளையே அங்கு தேடிப் பிடித்தார்கள்.

நம் ஊர் கற்ற பாடம்

வேலை எதுவாயினும் போதும் என்றும் இருந்துவிட முடியாது. இதை நம் பஞ்சாயத்தைவிட நன்கு அறிந்தோர் யார்? 2000ஆம் ஆண்டில் பிளாச்சிமடையில் கோகோ கோலா தொழிற்சாலை வந்தபோது, ஊருக்கு வேலை வந்தது என்றே பலர் மகிழ்ந்தனர். பிறகு கிணறுகள் வற்றின என்றும் நீர் கெட்டது என்றும் மக்கள் முறையிட்டனர். 2002 ஏப்ரலில் போராட்டம் தொடங்கிற்று. 2003இல் பெருமாட்டிப் பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் உற்பத்தி நின்றது. ஊருக்கு நேர்ந்த இழப்பை 216 கோடி ரூபாய்க்கு மேல் என்று 2010இல் கேரள அரசின் உயர்நிலைக் குழு மதிப்பிட்டது. நான்காண்டு வேலைக்கு ஊர் கொடுத்த விலை அது.

தொழிற்சாலைகளே வேண்டாம் என்று நான் கூறவில்லை. தொழிற்சாலையில் உண்டு வளர்ந்தவன் நான். நிலத்தடி நீரில் எவ்வளவு எடுக்கலாம், கழிவை எப்படித் தூய்மை செய்வது என்பவை என்ஜினீயர் விடை கூற வேண்டிய கேள்விகள் என்கிறேன். அவற்றைக் கேட்கத் தெரிந்த நம்மூர்ப் பிள்ளை ஒருவன் உள்ளே இருந்திருந்தால் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

பெற்றோருக்கு

பெண்மக்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மகளை என்ஜினீயரிங் படிக்க வைத்துவிட்டு, கோயமுத்தூருக்கு வேலைக்கு அனுப்பத் தயங்கும் தந்தையர் நம்மிடையே இன்றும் உளர். ஆண் பிள்ளைக்குச் சொன்ன முதல் ஆண்டுக் கணக்கு பெண்ணுக்கும் அதுவே. திருமணப் பேச்சு நடக்கட்டும். அதற்காக அவளை வீட்டில் நிறுத்தி வைக்க வேண்டாம். அவளுடைய கல்விக் கடனும் வட்டியோடுதான் வளர்கிறது.

பிள்ளை பட்டறைக்குப் போனால் “இதற்காகவா படிக்க வைத்தோம்?” என்று கேட்காதீர்கள். விருந்தாளிகள் முன்னே “இன்னும் ஒன்றும் அமையவில்லை” என்று பெருமூச்சு விடாதீர்கள். அந்தப் பெருமூச்சுக்கு அஞ்சியே பிள்ளைகள் பொய் முகவர்களின் கையில் விழுகிறார்கள்.

இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டு தந்தையும் மகனும் போனார்கள். பத்து நாள் கழித்துப் பையன் மட்டும் வந்தான். கையில் ஒரு தாள். தோப்பில் 200 லிட்டர் டிரம்மை வைத்து நேரம் பார்த்திருக்கிறான். நிரம்ப 40 நொடி. நொடிக்கு ஐந்து லிட்டர். நீர் மொத்தம் 30 மீட்டர் ஏறுகிறது. கணக்குப் போட்டால் நீருக்குச் சேர்வது ஏறக்குறைய இரண்டு குதிரைத்திறனே. “ஐந்து குதிரைத்திறன் மோட்டார், பெரியப்பா! மீதியெல்லாம் எங்கே போகிறது? பம்பு நம் கிணற்றுக்குப் பொருத்தமில்லாதது என்று நினைக்கிறேன்” என்றான். நான் அந்தத் தாளை இரண்டு முறை பார்த்தேன். கணக்கு சரியாகவே இருந்தது.

“இதைப் பயோடேட்டாவில் முதலில் எழுது” என்றேன்.

பயிற்சித் திட்டத்தில் பதிவு செய்துவிட்டானாம். கோயமுத்தூரில் பதினோரு பட்டறைகளில் கேட்டு, ஒன்றில் அடுத்த திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். “அப்பா என்ன சொன்னார்?” என்று கேட்டேன்.

“தோப்பை விற்கவில்லை, பெரியப்பா. பம்பை மாற்றலாமா என்று கேட்கிறார்.”